ஆறாத நுரை

கீழ் அடுக்கில் வெந்நீர் ஊற்றினால் மேலே சோப்பு நுரை அரைமணி நேரம் ஆறாது; அப்படியொரு ஈரடுக்குப் பீங்கான் கிண்ணம். லீட்ஸ் நகரத்துக் குளிருக்கென்று மனைவி ஹில்டா வாங்கித் தந்தது. பெர்சி தினமும் மாடியில் ரசித்து ரசித்து ஷேவ் செய்வார்.

இன்று கைதவறி உடைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“மன்னிச்சுக்கோ ஹில்டா. இனிமே பச்சைத் தண்ணியிலயே அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்.”

ஹில்டா பதறினாள். “வேணாம் பெர்சி, முகம் விறைச்சுப் போகும்.”

அலமாரியைத் திறந்தாள். உள்ளே அதேபோல் மூன்று புதுக் கிண்ணங்கள்.

“இந்தா. அவசரமில்ல, நிதானமா பண்ணிட்டு வா.”

என் மேல்தான் எத்தனை பாசம். பெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிப் படியேறியவர் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைத் தொடவே விடாத பேப்பர் குறுக்கெழுத்தை, நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாக நிரப்பிக்கொண்டிருந்தாள் ஹில்டா.