டாக்டர் நிறுத்தச் சொன்னது

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை நடத்தும் ஜெபகுமார், தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதுபவர். தாம்பரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" மனைவி எஸ்தர் பயத்தோடு கேட்டாள்.

"உடனே நிறுத்தணுமாம். இல்லாட்டி கேன்சர் ஆபத்து ஜாஸ்தியாம். இன்னியோட வுட்டுட்டேன். மிச்சத்தையும் குப்பையில போட்டுட்டேன்."

பதினெட்டு வருடம் ஜெபித்தும் நடக்காத அற்புதம்! எஸ்தர் அழுதேவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்வதாகப் பாஸ்டருக்குப் போன் செய்தாள். பிரியாணிக்கு அரிசியும் களைந்தாள்.

ஜெபகுமார் நிம்மதியாகச் சாய்ந்து, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"இன்னாங்க இது?"

"உடம்புக்கு நல்லதுன்னு நான் முழுங்கினு இருந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை, பீட்டா கரோட்டின், அதுவும் சிகரெட்டும் சேர்ந்தாத்தான் ஆபத்தாம். மாத்திரைய வுட்டுட்டேன். உடம்புதானே முக்கியம்?"