மஞ்சள் தாள் சிவந்த இடம்

பெரியாயியின் வரியில் தாள் சிவந்திருந்தது.

கணக்கப்பிள்ளை பொன்னையா அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பதுளை டவுனில், றஹீம் முதலாளியின் கடையில் நின்றோம். நமுனுகுலப் பக்கத்துப் புதுத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்ற வந்த கணக்கப்பிள்ளை, புதிதாகச் சேருகிற ஆட்களின் துண்டுகளையும் அங்கேயே வைத்துப் பார்த்தார். துண்டு என்றால், பழைய தோட்டம் எங்களை விட்டுவிட்டது என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. அதில் பேர் இருக்கிற ஆள் போகலாம். இல்லாத ஆள் வந்த வழியே திரும்ப வேண்டும்.

என் துண்டில் இரண்டே வரி. ஒன்று நான். மற்றது பெரியாயி.

"என்னா நல்லையா, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினியா இத?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பழைய தோட்டத்துக் கங்காணிக்குப் பெரியாயியை விட மனமே இல்லை. பன்னிரண்டு வயசுதான், ஆனால் பெரிய பொம்பிளைகளுக்குச் சமமாகக் கூடை நிறைக்கிற கை. துரை கையெழுத்துப் போட்டதால் வாயை மூடிக்கொண்டான். அவனுடைய ஆள் ஒருவன் கடைக்கு வெளியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து குந்தியிருந்தான். துண்டு செல்லாது என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான்.

துண்டு எழுதியிருந்த மஞ்சள் தாள் அதே கடையின் பின்கட்டில் செய்ததுதான். முதலாளியின் சம்சாரம் ஸைனப் உம்மா சோற்றுக் கஞ்சியில் மஞ்சளைக் கரைத்து, தாளைத் தோய்த்து, கொடியில் காயப்போடுவார். எழுத்தைக் கழுவலாம் என்று யாராவது சவர்க்காரத் தண்ணீர் வைத்தால், வைத்த இடம் செங்கல் நிறத்தில் சிவந்துவிடும். சுற்றுவட்டத் தோட்டங்கள் துண்டு எழுத அதைத்தான் வாங்கின.

அதற்கு முன்னே வெள்ளைத் தாள் காலம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தம்பையாவின் துண்டில் அவன் பெண்சாதி பேரை யாரோ கழுவிவிட்டு வேறு ஒருத்தி பேரை எழுதிவிட்டார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. துண்டைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டு போனான். புதுத் தோட்டத்து வாசலில் பெண்சாதியைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதனால் மஞ்சள் தாள் என்றால் எனக்குப் பக்தி. அந்தத் தாள் என்னைப் பார்த்தே சிவக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நா ஒண்ணும் செய்யலீங்கய்யா. சாமி சத்தியமா."

"நீ சத்தியம் பண்ணுவ. தாளு பொய் சொல்லுமா?"

றஹீம் முதலாளிதான் துண்டை வாங்கினார். "செஞ்ச ஆளே பாக்கட்டுமே" என்று பின்கட்டுத் திரைக்குள் நீட்டினார். மணிக்கட்டுவரை மஞ்சளேறிய ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

பெரியாயி என் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வண்டியடியில் இருந்தவன் எழுந்து வேட்டியைத் தட்டினான்.

திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது.

"கழுவினதெண்டா எழுத்தும் போயிரிக்கோணுமே. இதில ஒரு எழுத்தும் கொறயல்ல. செவப்பு எழுத்துக்கு மேலயே வளைஞ்சு வளைஞ்சு போகுது. அந்த மனுசன்ட விரலப் பாருங்க."

கணக்கப்பிள்ளை என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். ஆள்காட்டி விரல் நகத்தோரம் வெற்றிலைச் சுண்ணாம்பு.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. நான் எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகு. விரலை வைத்து நகர்த்தாமல் ஒரு சொல்லும் எனக்கு ஓடாது. பதுளைக்கு நடந்து வந்த வழியில், உட்கார்ந்த இடத்திலெல்லாம் வெற்றிலை போட்டேன். உட்கார்ந்த இடத்திலெல்லாம் துண்டைப் பிரித்தேன். மஞ்சளுக்குச் சவர்க்காரமும் சுண்ணாம்பும் ஒன்றுதானே.

"யோவ், துண்டப் படிச்சியா, மென்னு தின்னியா?" என்று கணக்கப்பிள்ளை என் முதுகில் ஒன்று போட்டார்.

"இனி படிச்சு முடிச்சிட்டு வெத்தில போடச் சொல்லுங்க" என்றது திரை.

வெளியே நின்றவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

நான் திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த அம்மா முகத்தை அன்றும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. நானும் பெரியாயியும் சேர்ந்து உலை வைக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன்.

வண்டி கிளம்பும்போது கணக்கப்பிள்ளை துண்டை இன்னொரு தரம் விரித்தார்.

"ஆமா, பேரு மஞ்சளாத்தானே இருக்கு. அதுக்கு முன்னால 'மகள்'னு இருக்கு பாரு, அதுல மட்டுந்தான் செவப்பு. அந்த ஒரு சொல்ல என்னாத்துக்குய்யா அம்புட்டுத் தடவ படிச்ச?"

நான் சிரித்து மழுப்பினேன்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னே, ஊரைவிட்டு மலையேறி வந்த நாளில், ஹப்புத்தளை ஏற்றத்தில் எனக்குப் பின்னால் நடந்து வந்த ஒருத்தி, கைப்பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடையில் குனிந்தாள். எழும்பவில்லை. அவள் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் அந்தப் பிள்ளையை "நல்லையாகூட வந்தது" என்றுதான் கூப்பிட்டார்கள். அது ஏன் என்று பெரியாயிக்கும் தெரியும்.

துண்டு எழுதிய அன்று, பழைய தோட்டத்துக் கிளாக்கர் ஐயா பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"இது ஒனக்கு என்னா மொற?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லிவிட்டாள்.