மெல்ல இறங்கும் படிக்கட்டு

பகல் ஒரு மணி விமானம் போனதும் இருவரும் டிபன் டப்பாக்களோடு படிக்கட்டு வண்டியில் ஏறினார்கள். பயணிகள் விமானத்தில் ஏறுவதற்கான வண்டி அது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்துபோய் ஒரு வருடமாகப் பணிமனைக்குப் பின்னால் நிற்கிறது. மெக்கானிக் ஸ்டீபன் தினமும் அதை விமானக் கதவின் உயரத்துக்கு ஏற்றுவார். அவரும் தமயந்தியும் உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எண்ணெய் கசியக் கசியப் படிக்கட்டு மெல்ல இறங்கும். மோர் சாதத்துக்கு வரும்போது வேப்பமரம் அவர்களைவிட உயரமாகியிருக்கும்.

எந்த வண்டிக்கு எந்த உதிரிபாகம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து வாங்கி வைப்பது தமயந்தியின் வேலை. இன்று ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"சீல் வந்துடுச்சு."

"இதுக்கு இப்ப யார் மேடம் அழுதா?"

"ஒரு வருஷமா நான்தான் வாங்காம தள்ளிப்போட்டேன். இனிமே முடியாது, ஸ்டீபன். மேலதிகாரிங்க கேட்கிறாங்க."

"மாட்டினா நாளைக்கே வண்டியைக் கொண்டுபோயிடுவாங்க."

"தெரியும்."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். கருப்பு ரப்பர் வளையம். துடைத்து, அவள் கையில் மெதுவாக நுழைத்தார். மணிக்கட்டில் சரியாக நின்றது. படிக்கட்டு அடிமட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க மேடம், சீல் வந்துடுச்சா, இன்னும் வரலையா?"