திருப்பி ஒட்டிய பாதி

மதிய வெயில் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. ஸ்டூடியோவின் உள்ளறையில் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மட்டும்தான். போட்டோக்காரர் ஒரு கையால் மேசையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். விட்டால் அறை சுற்றும். காது நரம்பில் வளர்ந்த கட்டியை எடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வலது காதும் முகத்தின் வலப்பாதியும் திரும்பி வரவில்லை. உதடு தொங்குகிறது, கண் மூட மறுக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், "என்னை ஒரு படம் எடுத்து வையேன்" என்று கேமராவை மனைவியிடம் நீட்டினார். "அபசகுனமா எதுவும் பேசாதீங்க. முழுசா திரும்பி வருவீங்க, அப்ப எடுத்துக்கலாம்" என்று அவள் அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தவருக்கு, கல்யாணப் படத்துக்குப் பிறகு தன் முகம் என்று காட்ட ஒன்றுமில்லை. அதனால் இன்று காலை தன்னைத் தானே எடுத்த படத்தில், நன்றாக இருக்கும் இடப்பாதியை வெட்டி, திருப்பிப் போட்டு, வலப்பக்கத்தில் ஒட்டுகிறார். எத்தனை பேருடைய கோணல் தோளை நிமிர்த்திய கை! மூக்கின் நடுவே ஒட்டுத் தெரியாமல் தேய்த்துவிடுகிறார். இப்போது இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கின்றன. உதடு இரண்டு பக்கமும் சமமாக ஏறிச் சிரிக்கிறது. மனைவி கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தோடு வலப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்கிறாள். அவர் காதில் விழவில்லை. அவள் நாற்காலியைச் சுற்றி இடப்பக்கம் வந்து, திரையைக் குனிந்து பார்த்து, மறுபடியும் கேட்கிறாள்.

"சிரிச்ச முகமா இருக்காரே, யாருங்க இந்தக் கஸ்டமர்?"