இடது பக்கம் இழுக்கும் கார்

"இதுவும் இடது பக்கம் இழுக்குதுப்பா." சாவியை வாடகைக் கார் அலுவலக மேசைமேல் வீசினார், வேலைக்காக ஊர் ஊராகப் போகும் விற்பனை மேலாளர்.

இந்த மாதம் நாலு ஊர், நாலு வாடகைக் கார். நாலும் கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். முதல் காரில் சீட் சோபா மாதிரி இருந்தது, ஆனால் இழுத்தது. அடுத்தது ரயில் மாதிரி ஆடாமல் போனது, அதுவும் இழுத்தது. மூன்றாவது புத்தம் புதுசு. அப்படியும் இழுத்தது. "ஒருத்தனுக்கும் வண்டி வச்சுக்கத் தெரியல" என்று மனைவியிடம் போனில் பொரிந்து தள்ளியிருந்தார்.

"வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம்" என்ற மெக்கானிக், தானே ஓட்டினார். நேர் ரோட்டில் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார். கார் நூல் பிடித்த மாதிரி போனது.

"அப்போ நான் ஓட்டினா மட்டும் இழுக்குதா? யார்கிட்ட கதை விடறே?"

திரும்பி வந்து இறங்கியதும் மேலாளர் அலுவலகத்துக்குள் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். பின்னாலேயே மெக்கானிக் ஓடி வந்தார். கையில் ஒற்றைச் செருப்பு.

"உங்களுதுதான் சார். கார்கிட்ட கழண்டு கிடந்துச்சு."

மேலாளர் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. கழன்றதே தெரியவில்லை.

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "சார், இடது கையைக் கொஞ்சம் தூக்குங்க."

மேலாளர் தூக்கினார். தூக்கியதாகத்தான் நினைத்தார்.