ஒட்டிலி அத்தையின் அட்டை

"அம்மா, என்னை ஜெயில்ல போடுவாங்களா?"

ரோவீனா நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை வாசலில் செருப்புகூட இல்லாமல் நின்றிருந்தாள் மகள் ஜோலீன். பதினைந்து வயது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இரவு மணி பதினொன்றரை.

மேஜைமேல் ஒரு சிவப்பு ரிப்பன். இரண்டாம் பரிசு.

ஆறு வருடங்களாக இலையுதிர்காலத் திருவிழாவின் பரங்கிக்காய் கேக் போட்டியில் முதல் பரிசான நீல ரிப்பன் ரோவீனாவுக்குத்தான். இன்று மத்தியானம் அது எதிர்வீட்டு வில்மாவின் ரவிக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னடி பண்ணே? உட்காரு மொதல்ல."

ஜோலீன் உட்காரவில்லை. "போன மாசம் அப்பாவோட பிக்கப் வண்டிய எடுத்தேன். சும்மா ரோடு வரைக்கும்தான். ரிவர்ஸ் போறப்போ மிசஸ் வில்மாவோட தபால் பெட்டிய இடிச்சுட்டேன்."

"ம்."

"தபால் பெட்டிய இடிச்சா மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாம். லைசென்ஸும் இல்ல, ஷெரீஃபக் கூப்பிடுறேன்னு சொன்னாங்க. இல்லேன்னா…" விம்மல் வந்தது. "இல்லேன்னா ஒட்டிலி அத்தையோட ரெசிப்பிய எழுதிக் கொண்டுவான்னாங்க."

ஒட்டிலி அத்தை கேக் செய்முறையைக் கைப்பட எழுதிவைத்த அட்டை நான்கு தலைமுறையாக அந்த வீட்டைத் தாண்டியதில்லை. ரோவீனா கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைப் பார்த்து எல்லாவற்றையும் அளந்து போடுவாள். பிறகு பாத்திரத்தை வெளியே கொண்டுவந்து மகளிடம் கொடுப்பாள். ஒன்பது வயதிலிருந்து மாவை அடித்துக் கலக்குவது மட்டும் ஜோலீனின் வேலை.

"கொடுத்துட்டியா?"

"உன் தகர டப்பாவைத் திறந்து, அட்டையப் பார்த்து எழுதிக் கொடுத்துட்டேன். நீ தோத்தது என்னாலதான்மா. என்னை அடிச்சிரு."

ரோவீனா அடிக்கவில்லை. சிரித்தாள்.

"வண்டியோட பம்பர்ல பச்சைப் பெயின்ட். எதிர்வீட்டுல பச்சைத் தபால் பெட்டிக்கு டேப் சுத்தியிருக்கு. இதுகூடத் தெரியாதா எனக்கு? அப்புறம் அந்த வில்மா வேலிகிட்ட நின்னு உன்கிட்ட குசுகுசுன்னு பேசறா. பன்னிரண்டு வருஷமா என்கிட்ட 'எப்படி இருக்கே'ன்னு கேக்காதவ!"

"அப்போ… உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் அட்டைய மாத்தி வச்சேன். நிஜ அட்டை என் தலையணை உறைக்குள்ள தூங்குது. நீ பார்த்தது நான் எழுதினது. காப்பிய ஊத்தி, வெண்ணெயத் தடவி, ஓரத்த லேசாக் கருக்கி, அசல் ஒட்டிலி அத்தை கையாலயே எழுதின மாதிரி பண்ணி வச்சேன். கறை இல்லாத அட்டைய இந்த ஊர்ல எவ நம்புவா?"

ஜோலீன் வாயைப் பிளந்தாள். "பொய் ரெசிப்பியா?"

"மத்ததெல்லாம் நிஜம்தான். இல்லேன்னா அவ மோப்பம் புடிச்சிருவா. உப்பு மட்டும் அரை டீஸ்பூனுக்குப் பதிலா ரெண்டு டேபிள்ஸ்பூன். நடுவரா வந்த பாதிரியார் ஊரே பார்க்கத் துப்பணும், அதுதான் என் கணக்கு." ரோவீனா சிவப்பு ரிப்பனைச் சுண்டிவிட்டாள். "மனுஷன் ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்னாரு! அதுதான்டி எனக்கு மண்டை காயுது. அவ்வளவு உப்ப எப்படி முழுங்கினாரு?"

ஜோலீன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"ரெண்டு டேபிள்ஸ்பூன்னு இருந்துச்சா… பாவம், வயசான காலத்துல அத்தை தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சு…"

"நினைச்சு?"

"நானே அரை டீஸ்பூன்னு திருத்தி எழுதிட்டேன்."

ரோவீனா நெற்றியில் அறைந்துகொண்டாள். மாடியில் அப்பாவின் குறட்டை ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

"உன்னை வச்சுக்கிட்டு ஒரு திருட்டுத்தனம் பண்ண முடியுதா! சரி, அப்படியே இருக்கட்டும். அவ கேக்கும் என் கேக்கும் ஒண்ணுதானே அப்போ? என்னுது எப்படி ரெண்டாவது ஆகும்? ஆறு வருஷத்துக்கு முன்னால எனக்கு எப்பவும் இதே செவப்பு ரிப்பன்தான். அந்த ராசி திரும்பிடுச்சா? நீயும் வயித்துவலின்னு படுத்துட்டே, இந்த வருஷம் மாவக்கூட நானே கலக்க வேண்டியதாப் போச்சு."

"வயித்துவலி இல்லம்மா. பயம். உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

"அது போகட்டும். வேற ஏதாவது மாத்தி எழுதினியா நீ அவகிட்ட கொடுத்ததுல?"

ஜோலீன் அழுகையோடு சொன்னாள்:

"வருஷா வருஷம் நீ அடுப்பு சூடாயிடுச்சான்னு பார்க்கத் திரும்பறப்போ, நான் மாவுல ஒரு ஸ்பூன் சுக்குப்பொடி போட்டுருவேன்மா… அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துட்டேன்."