மூக்கின் மேடு

கல்யாண நாளுக்குப் பரிசாக, கோதையின் பக்கவாட்டுப் புகைப்படத்தைக் கறுப்புக் காகிதத்தின்மேல் குண்டூசியால் குத்தி நிழலுருவம் வெட்டிக்கொண்டிருந்தான் அவள் கணவன். மதிய வெயிலில் கத்தரிக்கோல் தூக்கத்தில் நடப்பதுபோல நெற்றியிலிருந்து மெல்ல இறங்கியது. மூக்கில் சின்னதாய் ஒரு மேடு வந்ததும் அதற்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, கோடு மேட்டைச் சுத்தித்தான் போகுது" என்றது காகிதம்.

"சும்மா இரு. புள்ளைய அழகாக்கி விடறேன்" என்று நேராகச் சறுக்கியது கத்தரிக்கோல். நகத்தளவு துணுக்கு ஒன்று மிதந்து மிதந்து தரையில் விழுந்தது.

சாயங்காலம் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கோதை தலைசாய்த்துப் பார்த்தாள். கத்தரிக்கோல் பாராட்டுக்காகக் காத்திருந்தது.

"ரொம்ப அழகா இருக்குங்க. யாரு இது?"

கத்தரிக்கோலுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"நான்தான்" என்றது மேஜைக்கடியில் கிடந்த துணுக்கு.